அம்மா நீந்தப் பழகிய குளிர்காலம்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அம்மா எங்கேயாவது ஆறுதலாக இருந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த உயரமான கட்டடத்தில் எங்களுக்கென்று ஒரு சோபா இருந்தது. அப்பா யாரிடமோ வாங்கி, இரண்டு நண்பர்களைப் பிடித்து, லிஃப்டுக்குள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தது. அம்மா அதில் இருந்தால் அதன் கைப்பிடியில்தான் இருப்பார். பஸ் வந்தால் உடனே எழும்பி ஓட வேண்டியவர் போல.

ஓட வேண்டியிருந்ததும் உண்மைதான். விடியமுதல் ஆட்களை ஏற்றும் வான் வண்டி ஒன்று வந்து கீழே நிற்கும். பேக்கரிப் பாணைப் பைகளில் போட்டுக் கட்டும் தொழிற்சாலைக்கு அதில் அம்மாவும் இன்னும் சில பெண்களும் போவார்கள். எங்களை எழுப்பி, முகம் கழுவிச் சீப்பால் தலை இழுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அப்பாவின் பொறுப்பு. அப்பாவுக்கு வேலை பின்னேரத்தில், ஒரு உணவகத்தின் சமையலறையில். அம்மா வந்து கதவைத் திறக்க அப்பா காலில் போடச் சப்பாத்தைத் தேடத் தொடங்கியிருப்பார். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நேரம் பின்னேரத்தில் ஒரு சின்னத் துண்டு. அதற்குள் சோறு வடிக்க வேண்டும், தம்பியின் மூக்கைத் துடைக்க வேண்டும், வந்த கடிதங்களைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சண்டையும் பிடிக்க வேண்டும். அந்தத் துண்டு எனக்குச் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவின் மிச்ச நேரத்தையெல்லாம் ஐந்து வயதுத் தம்பி ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவின் சட்டைத் தொங்கலைப் பிடித்தபடியேதான் வீட்டுக்குள் நடப்பான்.

அந்தக் குளிர்காலம் தொடங்கும்போது எங்கள் வகுப்பைப் பஸ்ஸில் ஏற்றி நீச்சல் பழக்கக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அம்மா விடமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பனி பெய்யும்போது ஜன்னலைத் திறந்தாலே தடிமன் வரும் என்று நம்பிய மனுசி. ஆனால் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆர் பழக்கிறது?"

"ஒரு மிஸ்."

"அவ என்ன சொல்லித் தாறா எண்டு எனக்கு வந்து சொல்லோணும். ஒண்டும் விடாமல்."

அன்றைக்குத் தொடங்கியது என்னைப் பிடித்த சனி. மற்றப் பிள்ளைகளிடம் வீட்டில் கணக்குக் கேட்பார்கள், வாய்ப்பாடு கேட்பார்கள். என்னிடம் அம்மா, காலை முழங்காலில் மடித்து அடிப்பதா, இடுப்பிலிருந்து அடிப்பதா என்று கேட்டார். மூச்சை மூக்கால் விடுவதா, வாயால் விடுவதா? முகத்தை எவ்வளவு ஆழம் வைப்பது? கண்ணைத் திறப்பதா? எனக்குத் தெரியவில்லை என்றால் விடமாட்டார். "நாளைக்கு அவவைக் கேட்டுக்கொண்டு வா." அந்த மிஸ் என்னை வகுப்பிலேயே மிக ஆர்வமான பிள்ளை என்று நினைத்துவிட்டா.

சொல்வதில் விளங்காவிட்டால் செய்து காட்ட வேண்டும். குக்கர் விசிலடிக்கும் வரைக்கும் நான் வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறக் கிடந்து கால் அடிப்பேன். அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். பிறகு தானும் கிடப்பார். தொழிற்சாலை உடுப்போடு, தலையில் வலையோடு, அம்மா கம்பளத்தில் குப்புறக் கிடந்து கால் அடித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகிறது. கீழ்வீட்டுக்காரர் கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். அம்மா உடனே மெதுவாக அடிப்பார். நிறுத்தமாட்டார்.

எங்கள் கட்டடத்தின் அடியில் ஒரு நீச்சல் தடாகம் இருந்தது. வாடகையோடு சேர்ந்து வந்த அந்த வசதியை எங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனம் ஒருவரும் பாவித்ததில்லை. உடுப்புத் தோய்க்கப் போகும்போது கண்ணாடிக் கதவால் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. ஒருநாள் அம்மா வேலையால் வந்து, சோற்றை அடுப்பில் ஏற்றி, துவாயொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போனார்.

"எங்கை?" என்றார் அப்பா.

"கீழை. கால் மட்டும் நனைச்சிட்டு வாறன். நீங்கள் வெளிக்கிட முதல் வந்திடுவன்."

அப்பா வேடிக்கை என்று நினைத்தார். அம்மா உண்மையாகவே காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த கிழமை ஏணியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்றாராம். "நல்லாத்தான் நிண்டன்," என்று பெருமையாகச் சொன்னார். நிற்பதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. என் வகுப்பில் அப்போது பாதிப்பேர் மிதந்துகொண்டிருந்தார்கள்.

கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு போலந்துக்காரர். அப்பாவின் அரைக்காற்சட்டையும் ரீசேட்டும் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு இறங்கினார். அம்மாவுக்கு வேண்டாத நேரத்தில் ஆங்கிலம் விளங்காது. மூன்றாம் முறை அவர் கையால் சைகை செய்து காட்டியபின் வேறு வழியில்லாமல் பழைய உடுப்புக் கடையொன்றில் ஒரு நீச்சலுடை வாங்கி, அதற்குக் கையும் காலும் வைத்துத் தைத்தார். கறுப்பு, முழுக்க மூடியது. அதைப் போட்டுப் பார்த்தபோது தம்பி பயந்து அழுதான்.

அப்பாவின் வேடிக்கை மெல்ல எரிச்சலாக மாறியது. வேலையால் வந்த அம்மாவின் கால் வீங்கியிருக்கும். விரல்களில் பாண் பையின் கம்பி கீறிய கோடுகள் இருக்கும்.

"உமக்கென்ன விசரோ? கொஞ்ச நேரம் படுத்தெழும்பும்."

"படுத்தனெண்டால் எழும்பமாட்டன்," என்றார் அம்மா. துவாய் ஏற்கெனவே தோளில் இருந்தது.

ஏலாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பருப்பு அவியும் நேரத்துக்குள் முகத்தை அமிழ்த்திக் குமிழி விடுவார். தம்பிக்கு அது பெரிய விளையாட்டு. கதிரையில் ஏறி நின்று அம்மாவின் தலை எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். பஸ்ஸில் போகும்போதும் அம்மா மூச்சை அடக்கிப் பார்ப்பார். அடுத்த தரிப்பு வரும்வரை கன்னம் உப்ப இருந்துவிட்டு, பெரிதாக விடுவார். முன்னிருக்கையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் லிஃப்டுக்குள் அம்மாவின் ஈரத் தலையைக் கண்டுபிடித்துவிட்டா.

"என்ன தங்கச்சி, இந்தக் குளிருக்குள்ளை முழுகினனீரோ? ஒரு மருந்து மணம் அடிக்குது."

"முதுகு நோ அக்கா. நீந்தச் சொல்லி டொக்ரர் சொன்னவர்."

டொக்ரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் இவ்வளவு லேசாக அம்மா பொய் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிட, அன்ரி எங்கள் வீட்டுக் கதவுவரை வந்து, "பிள்ளையளோடை இருக்கிறதை விட்டிட்டு உது தேவையே," என்று கேட்டபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். என்னோடு இருந்து படம் கீற வேண்டிய நேரத்தில் அம்மா தண்ணீரோடு இருந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே காற்றில் கையை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதமளவில் ஒரு சனிக்கிழமை அம்மா எங்கள் இரண்டு பேரையும் கீழே கூட்டிக்கொண்டு போனார். அப்பா மேலே நித்திரை. எங்களைச் சுவரோரமிருந்த நீள மர வாங்கில் இருத்தி, எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். போலந்துக்காரர் நீளத் தடியில் கட்டிய வலையால் தண்ணீரில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். அம்மா சுவரைக் காலால் உதைத்து, முகத்தை உள்ளே வைத்து, அம்பு போல வந்தார். அழகாகத்தான் வந்தார். "அங்கை பார், அம்மா," என்று நான் தம்பிக்குக் காட்டினேன். மூச்செடுக்கத் தலையைத் தூக்கியவர் காலை ஊன்றினார். அந்த இடத்தில் நிலம் சரிந்து ஆழமாகும். கால் எட்டவில்லை.

சத்தம் ஒன்றும் வரவில்லை. அதுதான் இப்போதும் ஞாபகத்தில் நிற்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்தது, போனது. பிறகு தலைமயிர் வந்தது. நான் வாங்கிலிருந்து எழும்பவில்லை. எழும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார். போலந்துக்காரர் வலைத்தடியை நீட்டி ஏதோ கத்தினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் இழுத்துக் கரையில் போட்டதும் அம்மா குந்தியிருந்து இருமினார். மூக்கால், வாயால், கண்ணால் எல்லாம் தண்ணீர். தம்பி வீரிட்டு அழ, அம்மா இருமலுக்கு நடுவில் ஒரு கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார், ஒன்றுமில்லை என்பதுபோல.

தம்பி மேலே போன உடனேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அப்பா கட்டிலில் எழும்பி இருந்தார். நான் அப்பாவை அவ்வளவு கோபத்தில் பார்த்ததில்லை.

"இஞ்சை என்ன கடலே கிடக்கு? ஆருக்குக் காட்டப் பழகிறீர்? பிள்ளையள் ரெண்டும் கரையிலை இருந்து பாக்க நீர் தண்ணிக்குள்ளை தாண்டுபோயிருந்தால்?"

"அதுக்குத்தான் பழகிறன்," என்றார் அம்மா. தொண்டை கம்மியிருந்தது.

"எதுக்கு?"

அம்மா உள்ளே போனார். துவாயைப் பிழிந்து குளியலறைக் கம்பியில் போட்டார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அம்மா கீழே போகவில்லை. எனக்கு என் நேரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அது நான் எதிர்பார்த்த மாதிரி இருக்கவில்லை. அம்மா என் பக்கத்தில் வந்திருப்பார், ஒரு பென்சிலை எடுப்பார், வைப்பார், எழும்பிப் போய் அலுமாரிகளைத் துடைப்பார். துடைத்த அலுமாரியைத் திரும்பத் துடைப்பார். திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். அப்பாவின் சப்பாத்துக்கு மை பூசினார். வீடு முழுக்கப் பளபளத்தது. ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அப்பா சோற்றுக் கோப்பையோடு அறை அறையாக இடம் மாறிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அப்பாதான் தோற்றார். ஒரு பின்னேரம், சப்பாத்து நூலைக் கட்டியபடி, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"ஆழமில்லாத பக்கத்திலை நிண்டுகொள்ளும்."

அம்மா துவாயை எடுத்தார். "கால் மட்டும் நனைச்சிட்டு வாறன்."

திரும்பவும் முதலிலிருந்து. அம்மா அந்தக் கரையில் ஏணியில் எத்தனை நாள் காலை வைத்துக்கொண்டு இருந்தாரோ தெரியாது. பயம் பிடித்துவிட்டது என்று இப்போது ஊகிக்க முடிகிறது. அப்போது நான் கண்டது, வந்து கதவைத் திறக்கும்போது தலைமயிர் காய்ந்திருந்ததைத்தான். பிறகு ஒருநாள் காதோரம் நனைந்திருந்தது. பிறகு பின்னல் முழுவதும்.

என்னிடம் கேள்விகளும் திரும்பத் தொடங்கின. இந்த முறை அம்மா மல்லாந்து மிதப்பதைப் பற்றிக் கேட்டார். நட்சத்திரம் போலக் கையையும் காலையும் விரித்து, முகட்டைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "ஒண்டும் செய்யாமலோ?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கால் அடிப்பது வந்தது, கை வீசுவது வந்தது, சும்மா கிடப்பது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கழுத்து விறைத்து, தலை தூக்கி, தண்ணீருக்குள் தாண்டுபோவாராம். "இறுக்காதேங்கோ எண்டு மிஸ் சொல்லுவா," என்றேன். அம்மா கம்பளத்தில் நட்சத்திரமாகக் கிடந்து பார்த்தார். ஒரு நிமிசம்கூட இருக்காது, சோறு அடிப்பிடிக்குது என்று எழும்பி ஓடினார்.

பனி உருகி, தெருவோரத்தில் கறுத்த குவியல்களாகக் கிடந்த காலம். இன்னொரு சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் எங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா கீழே போனார். தடாகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அம்மா சுவரில் முதுகை வைத்து, மேலே பார்த்து, வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு வந்தார். கை, கை, பக்கத்தில் திரும்பி ஒரு மூச்சு. நிலம் சரியும் இடம் வந்தது. அம்மா ஊன்றவில்லை. கொஞ்சம் தடுமாறினார், மல்லாந்து திரும்பிக் கிடந்தார், உண்மையாகவே ஒன்றும் செய்யாமல் கிடந்தார், பிறகு திரும்பிக் கை வீசினார். மறுகரைக் கம்பியை எட்டிப் பிடித்தார்.

நாங்கள் கைதட்டினோம். ஆனால் அம்மா அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிவிட்டு, ஆழமில்லாத பக்கம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. என்ரை தோளிலை பிடி. கழுத்தைப் பிடிக்காதை."

நான் மகிழ்ச்சியில் துள்ளி இறங்கினேன். அம்மா என்னை முதுகில் சுமந்துகொண்டு தடாகத்தின் அகலத்துக்கு நீந்தினார். மெதுவாக, மூசி மூசி. என்னை விட்டுவிட்டுத் தம்பியை ஏற்றிக்கொண்டு போய் வந்தார். பிறகு நிமிர்ந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இப்ப ரெண்டு பேரும்."

இரண்டு பேரோடும் அம்மா இரண்டு வீச்சு வந்து தண்ணீருக்குள் தாண்டார். நாங்கள் மூன்று பேரும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா," என்றார். பிடிக்கும் இடத்தை மாற்றினார். தம்பியை முன்னால் போட்டுப் பார்த்தார், மல்லாந்து கிடந்து எங்களை நெஞ்சில் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தூரம் போய்த் தாண்டார். "இன்னொருக்கா." தோள்கள் நடுங்கின. உதடு நீலமாகிவிட்டது. எனக்கோ, அம்மா ஒரு வழியாக எங்களோடு விளையாடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று பெரிய சந்தோசம்.

வீட்டுச் சாவியைத் தந்துவிட்டுப் போக அப்பா கீழே வந்தார். வேலைக்குப் போகும் உடுப்பு, மேலே குளிர்ச்சட்டை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார் போலிருக்கிறது. நான் கண்டபோது சப்பாத்தோடேயே உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

அம்மா எங்களை ஏணியில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி, கரையில் இருந்தார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி வள்ளத்தில் வந்த கதையைச் சொன்னார். அப்பா எங்களுக்கு முன்னரே கனடாவுக்கு வந்துவிட்டவர். நாங்கள் மூன்று பேரும் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறியபோது தம்பி கைக்குழந்தை, எனக்கு ஐந்து வயது. அந்தப் பயணத்தில் அப்பா இல்லை.

"வெளிக்கிட முதல் வள்ளக்காரன் சொன்னவன். கவிண்டால், நீந்தத் தெரிஞ்சவை ஆளுக்கொரு பிள்ளையைப் பிடியுங்கோ, தெரியாதவை வள்ளத்தைப் பிடியுங்கோ எண்டு. எனக்கு இந்தக் கையிலை ஒண்டு, அந்தக் கையிலை ஒண்டு. வள்ளத்தை எதாலை பிடிக்கிறது? கரை வருமட்டும் நான் ஒண்டைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். எந்தக் கையை விடுறது எண்டு."

அப்பா குனிந்து அம்மாவுக்குப் பக்கத்தில், அந்த ஈரத்தில், நல்ல உடுப்போடு இருந்தார்.

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால், அதுதான் வந்து சேர்ந்திட்டியள்தானே எண்டு சொல்லுவியள்."

 அப்பாவின் பஸ் போயிருக்கும். அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் துவாய்க்குள் நடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வள்ளம் எனக்கும் மங்கலாக ஞாபகம் இருந்தது: மண்ணெண்ணெய் மணம், காலடியில் தண்ணீர், யாரோ தந்த பிஸ்கற். கதை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. ஆனால் முக்கியமான இடத்தில் அம்மா அதை நிறுத்திவிட்டதாகப் பட்டது. கனநாளாக நான் அறிய விரும்பிய ஒன்றைக் கேட்க இதைவிட நல்ல தருணம் வராது.

"அப்ப வள்ளம் கவிண்டிருந்தால் ஆரைப் பிடிச்சிருப்பீங்கள், அம்மா? என்னையோ, தம்பியையோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். தம்பி, "என்னை, என்னை!" என்று குதித்தான். அப்பா என் பெயரைச் சொல்லி அதட்ட வாயெடுத்தார். அம்மா அவருடைய கையில் கையை வைத்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் மூக்கிலிருந்து வடிந்ததைத் தன் ஈரக் கையாலேயே துடைத்துவிட்டார். பிறகு எழும்பிப் போய், ஏணியில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ரெண்டு பேரும் வாங்கோ. இன்னொருக்காப் பாப்பம்."

அம்மா பதில் சொல்லாமல் தப்பிவிட்டார் என்று எனக்குக் கோபம். தம்பியைத்தான் பிடித்திருப்பார், அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். அதற்குப் பழிவாங்க, அவனுக்கு முந்தி ஓடிப்போய் அம்மாவின் வலது தோளைப் பிடித்துக்கொண்டேன்.